முதல் பிள்ளைக்காரி

மாமியார் அவளுடைய செருப்பை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில் ஏறிக்கொண்டது.

"எட்டு மாசம் முடியப் போகுது. இனிமே உனக்கு நடைன்னா கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும்தான்" என்றாள்.

அவள் வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். படுத்தால் போதும், விலாவில் எட்டி உதைக்கிற பிள்ளை, காலையிலிருந்து கம்மென்று கிடந்தது.

சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்விட்டு உடனே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

பிரசவத்துக்குத் துணையென்று வந்து இறங்கியிருந்த நாத்தனார் சிரித்தாள். அவள் மூன்று பெற்றவள். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. உள்ளே இடம் போதாமல் பிள்ளை அடங்கிக் கிடக்கிறது, இதுக்கெல்லாம் ஓடினால் எதற்குத்தான் ஓடாமல் இருப்பது என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"இல்ல அண்ணி, இது வேற மாதிரி இருக்கு. எனக்குத் தெரியுது."

"முதல் பிள்ளைக்காரி, உனக்கு என்ன தெரியும்? புத்தகத்துல படிச்சதெல்லாம் இங்க உதவாது. மூணு பெத்தவ சொல்றேன், பேசாம படு."

மாமியாரைக் கெட்டவள் என்றும் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே இரண்டு தடவை தங்காமல் போன வயிறு இது. வேலை வேலை என்று கால் கடுக்க நின்றுதான் இரண்டும் போயிற்று என்பது மாமியாரின் கட்சி. ஆஸ்பத்திரிக்குப் போனால் இவள் சும்மா திரும்பி வரமாட்டாள் என்ற பயம் வேறு. செல்போன் பிள்ளைக்கு ஆகாது என்று அதையும் பிடுங்கி வைத்தாயிற்று. வெளியூரில் இருந்த மகனோ, அம்மா சொல்றதைக் கேளு என்று ஒரே வரியில் கடமையை முடித்துக்கொண்டான்.

போன இரண்டையும் அவளாலும் மறக்க முடியவில்லை. பீரோப் பூட்டைவிட அதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்துத் தெருப் பெண், அவளும் வாயும் வயிறுமாக இருப்பவள், ஒரே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். பிரசவம் முடிகிற வரைக்கும் இவள் யாரையும் பார்க்கமாட்டாள் என்று மாமியார் கதவைத் திறக்காமலே அனுப்பிவிட்டாள்.

அவள் குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றை மெல்லத் தட்டினாள். கண்ணே, ஒரே ஒரு உதை என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ, எல்லாம் நம் மனப்பிராந்தியோ என்றுகூட நினைத்தாள். சன்னல் கம்பிக்கு வெளியே தெரு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதுவும் போய்விட்டால்? நீங்கள் சொன்னபடிதானே படுத்திருந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மாமியார் குளிக்கப் போனாள். நாத்தனார் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். தார்ச்சாலை பாதத்தைச் சுட்டது. மாடியிலிருந்து நாத்தனார் கத்துவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே வந்த ஆட்டோவைக் கிட்டத்தட்ட மறித்தே நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் வரிசையில் நிற்கவில்லை. நேரே பிரசவ அறைக்குள் நுழைந்து கட்டிலில் ஏறிப் படுத்தாள். யாரும் தடுக்கவில்லை. அங்கே இருந்த இளம் டாக்டர் ஓடிவந்து வயிற்றில் கருவியை வைத்தார். எங்கெங்கோ நகர்த்திய பிறகு ஒருவழியாகத் துடிப்பு கேட்டது. வேகமாகக் கேட்க வேண்டிய சத்தம், தயங்கித் தயங்கிக் கேட்டது.

உயிர் இருக்கிறது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கொடி சுத்தி இறுகியிருக்குன்னு நினைக்கிறேன். உடனே எடுத்துடணும்" என்றார் இளம் டாக்டர். "சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. பிள்ளையைக் காப்பாத்திடலாம்."

நர்ஸுகள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆபரேஷன் தியேட்டர் விளக்கு எரிந்தது. கையுறை மாட்டும்போது இளம் டாக்டரின் விரல்கள் நடுங்குவதை அவள் பார்த்தாள். கையை நீட்டி அவர் முழங்கையை அழுத்தினாள்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார்.

"நீங்க கத்துக்கொடுத்த மாதிரியே பண்றேன், மேடம்."