கம்பி இறங்கிய இடம்

பதினேழாவது இடத்தில் கம்பி கொஞ்சமும் பிடிவாதம் பிடிக்காமல் இறங்கியது.

அதுவரை பதினாறு இடங்களில், மண்ணின் இறுக்கம் பார்க்கும் அந்தக் கம்பியை உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்திப் பார்த்திருந்தேன். ஒரு சாணுக்கு மேல் எங்கும் மசியவில்லை. தோண்டி முடித்த சுரங்கப் பள்ளத்தை மண் கொட்டி மூடி, அதன் மேல் பெரிய பெரிய லாரிகளை வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். சாலை போட அருமையான இடம். நாங்கள் வைக்கப்போகும் மரங்களுக்குத்தான் ஆகாது. வேர் இருக்கட்டும், மழைத் தண்ணீரே உள்ளே போகாது.

நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தோம். இறுகிக் கிடக்கும் கட்டத்துக்குச் சிவப்புக் கொடி, இளகிய கட்டத்துக்கு வெள்ளைக் கொடி. கொடி நடுவதுதான் என் வேலை. நாளைக் காலையில் பின்பக்கம் இரும்புக் கொக்கி வைத்த புல்டோசர் வரும். சிவப்புக் கட்டங்களையெல்லாம் மூன்றடி ஆழத்துக்குக் கிழித்துப் போடும். வெள்ளையைத் தொடாது.

இரண்டடி இறங்கிய பிறகும் கம்பி இடம் கொடுத்தது. சந்தோஷத்தில் இன்னும் அழுத்தப் போனேன்.

“போதும் மேடம்.”

காவலாளி. காலையில் கேட்டைத் திறந்துவிட்டதிலிருந்து கண்கொத்திப் பாம்பாக என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். டீ வாங்கி வரவா என்றார். வெயில் ஏறுகிறது, நிழலில் உட்காருங்கள் என்றார். இந்தப் பக்கம் பாம்பு உண்டு என்றும் சொல்லிப் பார்த்தார். பாம்பு இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். எலி இருக்கிறது, எலிக்குத் தீனி இருக்கிறது, ஆக மண்ணில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

கம்பியை உருவிக்கொண்டு ஓரடி தள்ளிக் குத்தினேன். இறங்கியது. இன்னும் ஓரடி. இறங்கியது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். அதைத் தாண்டினால் நாலாபக்கமும் மறுபடி பாறை மாதிரி.

அளவு புரிந்ததும் கம்பியைக் கீழே போட்டுவிட்டேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“யாரு அண்ணே?”

“என் வீட்டம்மா. மூணு மாசம் ஆச்சு.”

சுரங்கம் வருவதற்கு முன்னால் இந்த இடம்தான் அவர்களுடைய இடுகாடாம். முதல் பெண் குழந்தையை, பிறந்து நாற்பதாம் நாள், இங்கேதான் புதைத்தார்களாம். தண்ணீர்த் தொட்டிக்கு நேராக, கேட்டிலிருந்து இருநூறு தப்படி. சாகும்போது மனைவி கேட்டது ஒன்றுதான். என்னை அவள் பக்கத்தில் வைத்துவிடு. மனுப் போட்டுக் கேட்டால் நிர்வாகம் விடாது. கேட்டின் சாவி அவரிடம் இருந்தது. ஒரு விடுமுறை நாளில் அவரும் மச்சானுமாகக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

“நாளைக்கு வர்ற வண்டி எவ்வளவு ஆழம் போகும் மேடம்?”

“மூணடி.”

அவர் கையை மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

“எங்களால ரெண்டே முக்காதான் தோண்ட முடிஞ்சுது. அதுக்குக் கீழ கடப்பாரை இறங்கல.”

மண் இறுகிவிட்டது என்று எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு விளைவை எதிலும் எழுதியதில்லை.

ஆறடிக்காகப் புல்டோசர் ஒதுங்கிப் போகாது. கட்டம் முழுவதும் வெள்ளையாக இருந்தால்தான் விடும். இந்தக் கட்டத்தில் நான் ஏற்கெனவே பார்த்த எட்டு இடங்களும் சிவப்பு.

அலுவலகத்தில் எனக்குத் ‘தராசு’ என்று பெயர். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. மேலதிகாரியே கூப்பிட்டு நயமாகச் சொல்லிப் பார்த்தும் மாற்றியதில்லை.

புதுத் தாள் ஒன்றை எடுத்து கம்பி இறங்கிய எட்டு அளவுகளையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் வேறு மாதிரி எழுதினேன். இந்தக் கட்டத்தில் வைக்கப்போகும் கன்றுகள் இரண்டு கோடை தாங்காது. யாராவது ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கேட்கட்டும்.

நான்கு மூலையிலும் வெள்ளைக் கொடியை நட்டுவிட்டு, மாதிரி எடுத்த மண்ணைப் பையில் போடப் போனேன். அவர் எழுந்து பக்கத்தில் வந்தார்.

“நீங்க மண்ணுக்குன்னே படிச்சவங்க. பாத்துச் சொல்லுங்க. இது முன்னாடி இங்க இருந்த அதே மண்ணுதானே?”

என் உள்ளங்கையில் இருந்தது நீலம் பாய்ந்த களிமண். இருநூறு அடிக்குக் கீழே கிடந்து, பக்கத்துப் பள்ளம் தோண்டியபோது வெளியே வந்து, இந்தப் பள்ளத்தை மூடக் கொட்டியது. இடுகாட்டு மண் இதில் ஒரு பிடிகூடக் கிடையாது. அதைச் சுரங்கம் தொடங்கிய வருடமே வாரிக்கொண்டு போய் ஆறு மைல் தள்ளிக் கொட்டிவிட்டார்கள். இப்போது அது அங்கே ஒரு குன்று. முதலாம் ஆண்டு மாணவன்கூட நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

“அதே மண்ணுதான் அண்ணே,” என்றேன். “எடுத்த இடத்துலயே திருப்பிப் போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்காங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த களியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“இங்க இருந்த மண்ண வாரிட்டுப் போன லாரிய ஓட்டுனதே நான்தாம்மா,” என்றார். “அவகிட்டயும் கடைசி வரைக்கும் இதேதான் சொன்னேன்.”