காம்பில் கட்டிய நூல்

"எந்த நாசமாப் போன கை கட்டின நூல் இது? ரோசமிருந்தா முன்னுக்கு வா! கள்ளமா வந்து கட்டிட்டுப் போறியா?"

மொட்டை மாடியில் நின்று முனாப் போட்ட சத்தம் காத்தான்குடியில் அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. மாடியோடு மாடி ஒட்டி நிற்பது ஒரே ஒரு வீடு. மனைவி சஹ்லாவின் மூத்தவள், ராத்தா நுஸ்ராவின் வீடு. உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து மகள்மாருக்குக் கட்டிக் கொடுத்தது. நடுவில் இடுப்பளவுச் சுவர்தான்.

மற்ற நாட்களில் விடியற்காலைச் சுபஹுத் தொழுகையோடு சந்தைப் பழக்கடைக்குப் போய்விடுகிறவன். வெள்ளிக்கிழமை கடை பூட்டு என்பதால் மாடிக்கு ஏறினான். பெயின்ட் வாளிகளில் சஹ்லா வளர்த்த வத்தகை, அதாவது தர்ப்பூசணிக் கொடிகள். அதில் மூன்று பிஞ்சுகள், தேசிக்காய் அளவில். மூன்றின் காம்பிலும் ரோசா நிறக் கம்பளி நூல், முடிச்சுப் போட்டு. கீழே பிய்த்துப் போட்ட பூக்கள் வாடிக் கிடந்தன.

முடிச்சுப் போட்ட நூலைக் கண்டால் அவனுக்கு விளங்காதா?

"சூனியம்! செடிக்கும் சூனியம்!"

கீழே சைக்கிளில் போன றிப்ஷான் அண்ணாந்து பார்த்தான்.

"என்ன முனாப் காக்கா, வத்தகைக்குமா? அதுக்கும் ஒரு இசும்புத் தாயத்துக் கட்டி விடுங்களன்."

"உண்ட சோலியப் பாத்துக்கிட்டுப் போடா!"

றிப்ஷான் சிரித்துக்கொண்டே மிதித்தான்.

நோன்புக்கு முன்னர்தான் சஹ்லாவுக்குப் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. செய்தி கேட்டு நுஸ்ரா ஓடி வந்தாள். பிள்ளைக்கென்று பின்னி முடித்த தொப்பி கையிலேயே இருந்தது. முனாப் வாசலில் குறுக்கே நின்றுவிட்டான்.

"நாலு பெத்த கண் மதினி, உங்கட கண். அதுதான் பட்டிரிக்கி. இனி இந்த வாசல மிதிக்காதீங்க."

தொப்பியோடு அவள் திரும்பிப் போனாள். ராத்தாவோடு மூச்சும் விடக் கூடாதென்று சஹ்லாவுக்குக் கட்டளை.

அன்றிலிருந்து சஹ்லா வாய் திறப்பதே அரிது. கேட்டால் "ஓம்." இல்லாவிட்டால் "இல்ல." நோன்பு திறக்க வெட்டிய பழத்தின் விதையை அவள் வாளியில் ஊன்றிய நாளில்தான் முனாபுக்குப் போன உயிர் வந்தது. முதல் பிஞ்சு பிடித்ததும் அவள் சிரிக்கவும் செய்தாள்.

அந்தச் சிரிப்பிலும் கை வைத்தால் விடுவானா?

கத்தியை எடுத்தான். நூலோடு சேர்த்து மூன்று பிஞ்சையும் அறுத்து ஒழுங்கையில் எறிந்தான். பின்னேரத்துக்குள் இரண்டு மாடிக்கும் நடுவே ஆளுயரத்துக்குத் தகரம் அடித்து முடித்தான்.

சஹ்லா ஏறி வந்தாள். வாளிகளைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள். அதன் பிறகு மாடிப் பக்கமே வரவில்லை.

முனாப்தான் தண்ணீர் ஊற்றினான். பூக்கள் கொட்டிக் கிடந்தன. பிஞ்சும் வந்தது. கொட்டைப்பாக்கு அளவில் கறுத்துச் சுருண்டு விழுந்தது. உரம் போட்டான். ஓதிய தண்ணீர் தெளித்தான். ஒன்றும் தங்கவில்லை. தோட்டத்தோடு விலை பேசி லொறி லொறியாக வத்தகப்பழம் ஏற்றியவன், விரலால் தட்டியே உள்நிறம் சொல்கிறவன், ஒரு காயைக் காய்க்க வைக்க வழி தெரியாமல் நின்றான்.

இன்னொரு வெள்ளிக்கிழமை விடிய, விழுந்த பிஞ்சுகளை அள்ளிக் கொண்டு போய் சஹ்லாவுக்கு முன்னால் போட்டான்.

"பாத்தியா? தகரம் அடிச்சும் விடுறாவில்ல உண்ட ராத்தா!"

சஹ்லா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாடிக்குத் தேனீ வாறல்ல."

"என்ன?"

"வத்தகையில ஆண் பூ வேற, பெண் பூ வேற. தேனீ இல்லாட்டி ஆராவது ஆண் பூவப் பிச்சி பெண் பூவில தடவி விடணும். விடியக்காலையில பூ விரிஞ்சதும் செய்யணும். இல்லாட்டி இப்பிடித்தான் விழும். நீங்க சந்தைக்குப் போன மறுகா, ராத்தா சுவர் தாண்டி வந்து தடவி விடுவா. தடவின பூவுக்கு அடையாளம்தான் நூல்."

அவள் இவ்வளவு பேசி மாதக்கணக்காகிவிட்டது. முனாப் சுவரில் சாய்ந்தான்.

"அப்ப ரெண்டு பேரும் கதைச்சிக்கிட்டா இருந்தீங்க?"

"நீங்கதான் கதைக்க விடல்லயே. படியில நிண்டு பாத்திரிக்கன், அவ்வளவுதான். புது நூல் கிடந்தா ராத்தா வந்திட்டுப் போயிரிக்கா எண்டு மனசுக்கு ஒரு ஆறுதல்."

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொன்னாலென்னகா?"

"சொல்லியிருந்தா அண்டைக்கே தகரம் அடிச்சிருப்பீங்க."

முனாப் தரையில் கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கினான்.

"அந்த நூலப் பாத்தும் உங்களுக்கு விளங்கல்லயா?" சஹ்லா எழுந்துவிட்டாள். "வாசல்ல வச்சித் திருப்பி அனுப்பினீங்களே ஒரு தொப்பி... அதைத்தான் ராத்தா பிரிச்சிப் பிரிச்சிக் கட்டினா."

முனாப் படிகளைத் தாவி ஏறினான். ஆணியைக் கழற்றப் பொறுமையில்லை. தகரத்தை வெறுங்கையால் பிடித்து இழுத்தான். கை கிழிந்தது. தகரம் சரிந்து விழுந்தது.

அந்தப் பக்கம் நுஸ்ரா உடுப்புக் காயப் போட்டுக் கொண்டிருந்தாள். உதறிய கை நின்றது. திரும்பவில்லை.

மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். அதே சண்டைக் குரலில்தான் வந்தது:

"நூல் கட்டின கை எங்க? வெயில் ஏறினா பூ மூடிரும்! இப்பவே வந்து கட்டித் தாங்க... உள்ள வந்து உங்கட தங்கச்சியயும் ஒருக்காப் பாருங்க!"