அரை மோல் மயில்துத்தம்

கணக்குத்தாளை அனுப்பி இருபது நிமிடங்களாகியும் தொலைபேசி ஒலிக்கவில்லை. எடெல்மிரா நாற்காலியை அதன் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சிலியின் வடக்குப் பாலைவனத்தில், தாமிரச் சுரங்கத்தின் மேட்டுப் பரிசோதனைக்கூடத்தில், ஒவ்வொரு முறையும் ஏழு நாள்களுக்கு ஒருவர்தான் தனியாக இருந்து வேலை பார்ப்பார். தயாரிக்கவிருக்கும் கரைசலின் கணக்கை எழுதிக் கடலோர நகரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சரியென்றால் திரையில் ஒரு பச்சைக் குறி வரும். தவறென்றால் மட்டுமே ஆள் பேசுவார்.

ஓராண்டில் மூன்று தவறுகள் செய்தால் வேலை போய்விடும். அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன.

இன்று அவள் எழுதியது: மயில்துத்தம் (தாமிர சல்பேட்), அரை மோல், 79.80 கிராம்.

மணி ஒலித்தது. இரண்டாம் மணிவரை பொறுத்து எடுத்தாள்.

“டோன்யா எடெல்மிரா, பாலைவனத்துலயே கிடந்து தண்ணியவே மறந்துட்டீங்களா? அந்த நீலப் படிகத்துல ஒண்ணுக்கு அஞ்சு மூலக்கூறு தண்ணி உக்காந்திருக்கு. அதோட எடைய யாரு சேர்ப்பா, போப்பாண்டவரா? நூத்தி இருபத்தி நாலு புள்ளி எட்டு நாலு!”

சரிபார்ப்பவன் பெலிசாரியோ; மூத்த பெண்களை மரியாதையாக ‘டோன்யா’ என்றுதான் அழைப்பான். அவன் ரொட்டி மெல்லும் ஓசையும் கேட்டது.

“வயசாகுது தம்பி. அங்க பனிமூட்டம் இறங்கிடுச்சா?”

இறங்கியிருந்தது. தன் மகளுக்குப் பல் விழுந்ததையும், அதை அவள் நாய்க்குக் கொடுக்கப் பார்த்ததையும் சொன்னான். எந்தப் பல் என்று எடெல்மிரா கேட்டாள். மேல்வரிசையா, கீழ்வரிசையா என்றும் கேட்டாள்.

பிறகு அவன் குரல் தணிந்தது.

“இது மூணாவது, தெரியும்ல? நான் மேலிடத்துக்கு எழுதல. இனிமே தப்பு வந்தா நானே சத்தமில்லாம திருத்திப் பச்சைக் குறி போட்டுடறேன். உங்களுக்குப் போனே வராது. நிம்மதியா இருங்க.”

எடெல்மிரா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“நல்லது தம்பி,” என்றாள் பிறகு. அவன் வைத்த பின்னும் அவள் வைக்கவில்லை.

மேசையின் மறுகோடியில், ஒரு லிட்டர்க் குடுவையில், நீலக் கரைசல் அசையாமல் நின்றது. கணக்குத்தாளில் ஓர் எண்ணைக்கூட எழுதுவதற்கு முன்பே, காலை எட்டு மணிக்கு, அவள் நிறுத்துக் கரைத்து வைத்தது. குடுவையில் ஒட்டிய சீட்டில் அவளுடைய பிசிறில்லாத கையெழுத்து: 124.84 கிராம்.