எட்டடிக் கதவு

மாதிரிக் கட்டடத்தின் கூரையில் புல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

விரலெல்லாம் பச்சைப் பொடி.

பூங்காவின் புல்வெளியே மெல்ல ஏறி, கலை மையத்துக்குக் கூரையாகி, மறுபக்கம் இறங்கிவிடும். மேலே பிள்ளைகள் உருளலாம். கீழே நாடகம் நடக்கும். அவள் இதுவரை வரைந்ததில் அவளுக்கே பிடித்தது இது ஒன்றுதான்.

மாநகராட்சிப் பொறியாளர் குனிந்து பார்த்தார். மேடு செங்குத்தாக இருக்கிறதாம். சக்கர நாற்காலி ஏறாதாம். கூரையை ஓர் அடி இறக்கி, கதவுகளையெல்லாம் ஏழடியாக்கச் சொன்னார்.

நியாயம்தான். நியாயம் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

எல்லாக் கதவுகளையும் ஏழடியாகத் திருத்தினாள். ஒன்றைத் தவிர.

மேடைக்குப் பின்னால், ஒப்பனை அறைக் கதவு. அங்கே கூரை எப்படியும் உயரம்தான். எட்டடி எட்டடியாகவே இருந்தது.

திருத்திய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்த பொறியாளரின் பென்சில் அங்கே போய் நின்றது.

“அவ்வளவு உசரமா யாருங்க மேடம் வரப்போறாங்க?”

அருணகிரி.

சொல்லவில்லை.

இதே பூங்காவில்தான் அவன் நாடக ஒத்திகை நடத்துவான். ஊரில் வேறு இடமில்லை. மகாராஜா வசனம் உச்சத்துக்குப் போகும்போது காவல்காரர் விசில் ஊதுவார். மகாராஜா செருப்பைத் தேடுவார். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஆள் நெட்டைக் கொக்கு. வெளியில் எங்கே போனாலும் தலையைக் குனிந்துதான் நுழைவான். கோயில் கோபுர வாசலில்கூடக் குனிவான். அவளும் அவனும் குடியிருந்த வாடகை வீட்டில் மட்டும் மறந்துவிடும். தினமும் வாசல் நிலையில் நெற்றி ‘டங்’கென்று இடிக்கும். அவள் தேய்த்துவிடுவாள். மறுநாளும் இடிப்பான்.

மேடை இருக்கிற ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பிய அன்று இடிக்கவில்லை.

நிலையை ஒருமுறை பார்த்தான். பதவிசாகக் குனிந்தான். போனான்.

விருந்தாளி போல.

சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். அந்தக் குனிவுதான் இத்தனை வருடமாக ஆறவில்லை.

பொறியாளர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

“கூத்துக்காரங்க கிரீடம் வெச்சுட்டு வருவாங்க சார்,” என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, ஆமாங்க!” பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

அவர் போனபின் அட்டை மனிதர்களை வெட்ட உட்கார்ந்தாள். கட்டடம் எவ்வளவு பெரியது என்று காட்ட மாதிரியில் ஆட்களை நிறுத்துவது வழக்கம். புல்மேட்டில் ஒரு குடும்பம். படியில் இரண்டு பெண்கள். சக்கர நாற்காலியில் ஒருவர்.

கடைசியாக ஒருவனைக் கொஞ்சம் உயரமாக வெட்டினாள்.

கழுத்தை நேராக வெட்டினாள்.

எட்டடிக் கதவில் வைத்துப் பார்த்தாள். தலைக்கு மேல் நிறைய இடம் இருந்தது. குனியவேண்டும் என்று தோன்றவே தோன்றாது.

ஊரில் இப்போது மேடையும் வரப்போகிறது.

காலடியில் பசை தொட்டு, உள்ளே வருகிறவனாக நிறுத்தினாள்.

பசை எப்போதோ காய்ந்துவிட்டது. விரலை எடுக்கவில்லை.