பூசணிக்காயில் ஒரு மச்சம்

புது வீட்டில் பால் காய்ச்சும் நாள். வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காய்க்கு நானே முகம் வரைகிறேன் என்று அருளப்பன் உட்கார்ந்துவிட்டான். மாதா கோவிலுக்குப் போய் வளர்ந்தவன், இதுவரை வரைந்ததில்லை.

"எப்படி இருக்கணும் கோமதி?"

"பார்த்தா பயம் வரணும், அவ்வளவுதான்" என்றுவிட்டு அவள் கோலம் போடப் போனாள்.

திரும்பி வந்தவள் அப்படியே நின்றாள். உருட்டிய கண்கள், புருவங்களுக்கு நடுவே ஆழமாய் ஒரு கோடு, இடப்பக்கம் மட்டும் தூக்கி நிற்கும் மீசை. அவளுடைய அப்பா. அருளப்பன் பெண் கேட்டுப் போன அன்று ஒரே ஒரு தடவை பார்த்த முகம். "இனி என் முகத்துல முழிக்காதே" என்று அன்றைக்கே அவளையும் அனுப்பிவிட்ட முகம். ஆறு வருஷமாயிற்று. கிரகப்பிரவேசப் பத்திரிகை அனுப்பியும் பதில் இல்லை.

"வேணும்னு வரையலம்மா. பயம்னு சொன்னியா, கை தானா அங்க போயிடுச்சு. அழிச்சிடறேன்."

கோமதி பிரஷ்ஷை வாங்கினாள். வலது கன்னத்தில், அவனுக்குத் தெரியாமல் போன மச்சத்தை மெல்ல வைத்தாள்.

ஏணியில் ஏறியவன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டப் போனான்.

"உள்பக்கமா திருப்புங்க" என்றாள். "வீட்டைப் பார்க்கட்டும்."