நம்ம பேட்டண்ட்

"யார் இந்த பிரேம்நாத்?"

காலையிலிருந்து லேபில் இதே கேள்வி. சென்னை காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பூர்ணிமா மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். அவளுடைய விண்ணப்பத்துக்குக் காப்புரிமை தரக் கூடாது என்று பிரேம்நாத் என்பவர் எதிர்ப்பு மனு போட்டிருந்தார்.

"அட்ரஸ் பள்ளிகொண்டான்னு போட்டிருக்கு," என்றாள்.

"பள்ளிகொண்டாவா? நம்ம ஷர்மிளாம்மா ஊராச்சே," என்றார் லேப் உதவியாளர் ரஷீத் அஹமது. "தெரியுமாம்மா?"

"ஊர்ல எத்தனையோ பிரேம்நாத் இருக்காங்க பாய்."

பிரேம்நாத் ஷர்மிளாவின் தம்பி. ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவளுக்குத் தம்பி ஒருவன் உண்டு என்று லேபில் தெரியும், பெயர் தெரியாது. மனுவில் கையெழுத்து மட்டும்தான் அவனுடையது. மற்ற ஒவ்வொரு வரியும் ஷர்மிளா எழுதியது.

"யாரோ கண்ணு வெச்சிட்டாங்க மேடம்," என்றார் ரஷீத் பாய். "இதுதான் கண்ணைப் பாத்து ஆளைச் சொல்ற மிஷினாச்சே. யார் கண்ணுன்னு அதையே கேட்டுடுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்செட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஷர்மிளாவும் சிரித்தாள்.

தலையில் மாட்டியதும், மாட்டியவரின் கருவிழியைப் பார்த்து இன்னார் என்று சொல்லிவிடும் ஹெட்செட் அது. இமை பாதி மூடியிருந்தாலும் சொல்லும். அதுதான் பூர்ணிமாவின் விண்ணப்பத்தில் புதிது.

ஷர்மிளாவின் வயிற்றெரிச்சலும் அதுதான்.

பதினோரு வருடத்துக்கு முன், எம்.டெக். ஆய்வுக்காக, ஆம்பூரில் அம்மா தையல் பிரிவில் வேலை பார்த்த ஷூ கம்பெனி வாசலில் கேமராவோடு நின்றாள். எண்பது பெண்களின் கண்களைப் படம் எடுத்தாள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குக் கண் சொருகியிருக்கும். ஒரு படமும் தேறாது என்றார் கைடு. விழியின் கீழ்ப்பாதி போதும், ஆளைச் சொல்லிவிடலாம் என்று காட்டினாள் ஷர்மிளா.

அதோடு சரி. கல்யாணம், குழந்தை. பிஎச்.டி. நின்றுபோயிற்று. இப்போது காட்பாடியில் இந்தக் கல்லூரியில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். அவளைவிட ஏழு வயது இளையவளான பூர்ணிமா உதவிப் பேராசிரியர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஹெட்செட் ரஷீத் பாயின் கண்ணை ஏற்காமல் அடம்பிடித்தபோது, "மேல்பாதியை விடுங்க மேடம், கீழ மட்டும் பாருங்க," என்று சொன்னது ஷர்மிளாதான். பூர்ணிமா அன்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு விண்ணப்பம் வெளியானது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர். பூர்ணிமா.

அதைக்கூட ஷர்மிளா பொறுத்துக்கொண்டாள். இந்த மூன்று மாதமாகப் பூர்ணிமாவின் பேச்சில் புதிதாக ஒட்டிக்கொண்ட 'நம்ம'வைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நம்ம பேட்டண்ட்டுக்கு எக்ஸாமினர் ஏழு கேள்வி கேட்டிருக்காருக்கா."

"நம்ம பேட்டண்ட்டுக்குப் பதில் அனுப்பியாச்சுக்கா."

பெயர் போடும்போது ஒருத்தி. பேசும்போது நம்ம. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஷர்மிளாவுக்கு உடம்பு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மனுவை எழுதினாள். இது புதிதல்ல, பழைய ஆய்வேட்டிலேயே இருக்கிறது என்று தன் ஆய்வேட்டையே இணைத்தாள்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பூர்ணிமாவும் ஷர்மிளாவும் மட்டும் இருந்தார்கள்.

"அக்கா, மனுவுல உங்க தீசிஸைத்தான் ஆதாரமா வெச்சிருக்காங்க. நாற்பத்தேழாம் பக்கம்."

"அப்படியா மேடம்?"

"மேடம் வேணாம்னு எத்தனை தடவை சொல்றது? லைப்ரரில தூசி புடிச்சுக் கெடந்த தீசிஸ். பள்ளிகொண்டாவுல உக்காந்து ஒருத்தர் பக்கம் பக்கமா படிச்சிருக்காரு பாருங்க."

ஷர்மிளா துணியை நான்காக மடித்தாள். "இப்ப இன்னா ஆகும்?"

"கூப்பிட்டு விசாரிப்பாங்க. தோத்துட்டா அவ்ளோதான். யாருக்கும் இல்ல."

யாருக்கும் இல்லை. ஷர்மிளாவுக்கு அது குளுகுளுவென்று இருந்தது.

"கண்ணு ஏன்க்கா இப்படி சொருகுது? தூங்கலையா? நல்லதாப் போச்சு, கொஞ்சம் மாட்டுங்க. டெஸ்ட் பண்ணிடலாம்."

மாட்டினாள். ஒரு கணம் இருட்டு. பிறகு பச்சை எழுத்துகள் தெரிந்தன: வணக்கம், ஷர்மிளா.

"பாத்தீங்களா? நம்ம பேட்டண்ட்!"

ஷர்மிளா வெடுக்கென்று கழற்றினாள். "உங்க பேட்டண்ட்னு சொல்லுங்க மேடம். நம்ம, நம்மன்னு... கேக்கவே பேஜாரா இருக்கு."

பூர்ணிமாவின் முகம் சுருங்கியது. பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு கவரை எடுத்தாள்.

"இதுவும் இன்னிக்குத்தான் வந்துச்சு. விண்ணப்பம் போடும்போது, டெக்னிக்கல் ஸ்டாஃப் பேரெல்லாம் போடக் கூடாதுன்னு காலேஜ் ஆஃபீஸ்ல சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டேன். எக்ஸாமினர் கேள்வி வந்தன்னிக்குத்தான் பாத்தேன், அப்படி ஒரு ரூலே இல்ல. அன்னிக்கே இதுக்கு எழுதிப் போட்டேன். மூணு மாசமாச்சு. கையில வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

ஷர்மிளா காகிதத்தைப் பிரித்தாள். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள்.

பூர்ணிமா ஹெட்செட்டை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினாள். ஷர்மிளாவின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"மனுவை வாபஸ் வாங்க முடியுமான்னு உங்க தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா."