மிதிபடாத கால்

"லாரி இடிச்சா மனுஷன் வளருவானா மாப்பிள்ளே? அப்படின்னா என் வீட்டுக்காரரையும் ரோட்டுல கொண்டுபோய் நிறுத்துறேன்!"

மணப்பெண்ணின் அத்தை பெரிஹான் சொல்லி முடிப்பதற்குள் கல்யாணக் கூடத்தின் முன்வரிசை கொல்லென்று சிரித்தது.

மாப்பிள்ளை ஹால்துனும் சிரித்து வைத்தான். "உடைஞ்ச எலும்பை ஒட்டவெச்சப்போ டாக்டர் கொஞ்சம் நீட்டி விட்டுட்டாரு அத்தை" என்றான். இரண்டு கைகளிலும் ஊன்றுகோலோடு மேடை மேசைக்கு வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தாள் மணப்பெண் ஷெப்னெம். முன்பெல்லாம் அவன் தலை அவள் காதுக்குத்தான் வரும். இன்று இருவர் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

லாரியும் கிடையாது, விபத்தும் கிடையாது. அதை ஹால்துன் தன் தம்பியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான்.

நிச்சயதார்த்தத்தன்று இதே அத்தைதான், "போட்டோ எடுக்கணும், மாப்பிள்ளைக்கு ஒரு முக்காலி கொண்டாங்க" என்று கத்தியவள். ஷெப்னெம் அப்போது குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. அடுத்த வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் பார்பர் ரெம்சி பேச்சுவாக்கில் ஒரு சங்கதி சொன்னார். கால் எலும்பை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து உயரமாக்குகிற டாக்டர் இருக்கிறாராம். "நம்ம இஸ்தான்புல்லயேதான் தம்பி. ஜெர்மனியிலேர்ந்தெல்லாம் வந்து பண்ணிக்கிட்டுப் போறாங்க." ஹால்துன் அன்றைக்கே விலாசம் வாங்கிக்கொண்டான்.

வெளியே சொல்ல வெட்கம். ஷெப்னெமிடம் ஒரு பொய்க்கு இரண்டாகச் சொன்னான். ஸ்கூட்டரில் வரும்போது லாரி இடித்தது என்பது ஒன்று. நீ போன் பண்ணிக் கூப்பிட்டதால்தான் அவசரமாக வந்தேன் என்பது இன்னொன்று.

இரண்டு கால்களிலும் எலும்போடு கம்பியால் பொருத்திய இரும்பு வளையங்களோடு வீடு திரும்பியவனைக் கண்டதும் அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "என்னாலதான்... உனக்கு இந்தக் கஷ்டமெல்லாம் என்னாலதான்." ஹால்துனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அதன்பிறகு எல்லாமே அவள்தான். வேலை முடிந்த கையோடு படகேறி அக்கரையிலிருந்து வந்துவிடுவாள். எலும்பு சூப் வைத்து ஊட்டினாள், கம்பி குத்தியிருந்த இடங்களைத் துடைத்து மருந்து போட்டாள், வலியில் அவன் எரிந்து விழுந்தபோதெல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய அவனுக்குக் குற்ற உணர்ச்சி நெஞ்சை அறுத்தது.

வளையத்துத் திருகாணிகளைத் தினமும் திருகினால்தான் கால் நீளும். உடைந்த காலை ஒட்டவைப்பவர்கள் இப்படித் திருகிக்கொண்டிருப்பார்களா என்று அவள் கேட்டுவிட்டால்? அதனால் அவளை டீ போட அனுப்பிவிட்டு, போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவான். நல்லவேளை, அவள் ஒருநாளும் சட்டென்று உள்ளே நுழைந்ததில்லை. கதவுக்கு வெளியிலேயே நின்று, சின்னக் கரண்டி கிளாஸில் கலகலக்க டீயைக் கலக்கிவிட்டுத்தான் வருவாள். சர்க்கரையே போடாத டீயை எதற்குக் கலக்குகிறாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றியதில்லை.

இன்றைக்காவது, கையெழுத்துப் போடுவதற்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணத்தோடுதான் மேசைக்கு வந்திருந்தான்.

"ஷெப்னெம், உங்கிட்ட ஒரு விஷயம்..."

"அப்புறம் பேசலாம்" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சிவப்பு அங்கி போட்ட கல்யாணப் பதிவு அதிகாரி மைக்கை நீட்டிச் சம்மதம் கேட்டார். இருவரும் சம்மதம் என்றார்கள், கூடம் கைதட்டியது, கையெழுத்தும் ஆயிற்று. உடனே அத்தை எழுந்து நின்றுகொண்டாள்.

"மிதிடீ! அவன் முந்திக்கிறதுக்குள்ள மிதி!"

கையெழுத்தானதும் யார் முதலில் மற்றவர் காலை மிதிக்கிறாரோ, அவர் பேச்சுதான் அந்த வீட்டில் எடுபடும். "ஊசிக் குதிகால் செருப்பா வாங்கி வெச்சிருக்கேன், உன் கால் பத்திரம்" என்று ஷெப்னெம் பழைய நாட்களில் அவனை மிரட்டாத நாளில்லை. இன்று தட்டைச் செருப்போடு வந்திருந்தாள். காலையும் நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

தன் புண்பட்ட கால் வலிக்குமே என்றுதான் அவள் மிதிக்கவில்லை என்று ஹால்துனுக்குப் புரிந்தது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. மேசைக்கடியில் காலை அவள் பக்கம் நீட்டினான்.

"மிதி ஷெப்னெம்."

"வேணாம். வலிக்கும்."

"வலிக்கட்டும். என்னை எந்த லாரியும் இடிக்கல. உயரமாகணும்னு நானேதான் காலை வெட்டிக்கிட்டேன். நீ போன் பண்ணதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இத்தனை மாசமா உன்னைச் சும்மா அழவெச்சிருக்கேன். நல்லா மிதி."

அவள் அதிர்ந்துபோகவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். வெறும் பாதத்தை அவன் ஷூவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ மிதி ஹால்துன். ரெம்சிகிட்ட சொல்லி, அந்த டாக்டரைப் பத்தி உன் காதுல போடவெச்சதே நான்தான்."